பாம்பு வளர்க்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

வீட்டில் பாம்பு வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "பல்லைப் பிடுங்கியாச்சா?" அடுத்தது, "பால் ஊத்துவாங்களா?" மூன்றாவது கேள்விக்கும் பாம்புக்கும் சம்பந்தமே இருக்காது: "அந்த ஆளுக்கு மண்டையில ஏதும் கோளாறா?" செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கே பேச்சை எடுத்தாலும் இந்த மூன்றும் வரிசை மாறாமல் வந்துவிடும்.

பாம்பு எங்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் கையிலோ தலையிலோ விளக்கு இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் ராஜநாகம் உண்டு. 2024-ல் ஆய்வாளர்கள் இந்த மலைத்தொடரின் ராஜநாகத்தைத் தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். கேரளப் பக்கம் பழைய வீட்டு வளவுகளில் சர்ப்பக்காவு, அதாவது பாம்புக்கென்று விட்ட தோப்பு, இருக்கும். இந்தப் பக்கம் அரசமரத்தடியில் மஞ்சள் பூசிய நாகர் சிலை இருக்கும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் இரண்டு பக்கத்துப் பாம்புக் கதைகளும் எங்களுக்கு அத்துப்படி. இந்த விஷயத்தில் அந்தப் பழக்கமே இடைஞ்சலாகவும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த பாம்பு வேறு, வளர்க்கிறவர்கள் கையில் இருக்கிற பாம்பு வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எந்தப் பாம்பு?

உலகம் முழுக்க வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகள்தான். அதிகம் காணக்கிடைப்பது ராயல் பைத்தான். கடைக்காரர்கள் இதை 'பால்' (ball, பந்து) பைத்தான் என்பார்கள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்காவும் அதை ஒட்டிய பகுதிகளும் இதன் ஊர். நன்றாக வளர்ந்தாலும் மூன்றிலிருந்து ஐந்தடிக்குள் நின்றுவிடும். அடுத்தது கார்ன் ஸ்னேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது, ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும், நம் சாரையைவிடச் சின்னது. கிங் ஸ்னேக், மில்க் ஸ்னேக், சில வகைப் போவாக்கள் இவற்றுக்குப் பின்னால் வரும். நான் பெயர் சொன்ன எதற்கும் விஷம் கிடையாது.

ஆகவே பல்லைப் பிடுங்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. விஷப்பல் இருந்தால்தானே பிடுங்க! பைத்தானுக்கு இருப்பது உள்நோக்கி வளைந்த சின்னச் சின்னப் பற்கள், வரிசையாக. கடித்தால் ஊசி குத்திய புள்ளிகள் தெரியும், கொஞ்சம் ரத்தம் வரும், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பல்லைப் பிடுங்குவது பாம்பாட்டி கூடையில் இருந்த நல்ல பாம்புக்கு நடந்த கொடுமை. வாய் புண்ணாகி, இரை எடுக்க முடியாமல் பெரும்பாலும் பட்டினியில் சாகும். அப்படியே பிழைத்தாலும் விஷப்பல் மறுபடி முளைக்கும். அதனால் "பல்லைப் பிடுங்கின பாம்பு, பயப்படாதே" என்று யாராவது ஒரு நல்ல பாம்பைக் கையில் நீட்டினால் இரண்டடி பின்னால் போய்விடுங்கள்.

இன்னொரு வேறுபாடு, பிறந்த இடம். முறையாக வாங்கிய செல்லப் பாம்பு பெரும்பாலும் பிறந்ததே கூண்டுக்குள்தான். குட்டியிலிருந்து மனிதக் கை, மனித வாடை, செத்த எலி என்று பழகியது. அப்படியானால் அது சாதுவாகிவிட்டதா? நாய் பல்லாயிரம் வருடங்களாக மனிதனோடு இருந்து குணமே மாறிய பிராணி. பாம்புக்கு அந்த வரலாறு இல்லை. கையில் எடுக்கும்போது அது நம்மைப் பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வருஷக்கணக்காக வளர்க்கிறவர்கள் இதை ஒளிக்காமல் சொல்வார்கள். "என் பாம்பு என்னைக் கண்டா ஓடி வரும்" என்கிறவரை நான் முழுசாக நம்புவதில்லை.

பிடித்த பாம்பு செல்லப் பாம்பு ஆகாது

சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலருக்கும் குழப்பம் இதில்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. இந்தச் சட்டம் பாதுகாக்கும் நம் நாட்டுப் பாம்பைப் பிடிக்கவோ, வளர்க்கவோ, விற்கவோ கூடாது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி எல்லாம் இதில் அடக்கம். 2022-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள்: முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு வருடச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வெளிநாட்டு வகைகளுக்கு வேறு கணக்கு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல், அந்தத் திருத்தத்தின் வழியாக நம் சட்டத்தில் நான்காம் அட்டவணையாகச் சேர்ந்தது. பைத்தான், போவா வகைகள் இந்தப் பட்டியலில் வருகின்றன. 2024-ல் வந்த பதிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், செத்துப்போனாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பேங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் துணிப்பைக்குள் சுருட்டி வைத்த பைத்தான் குட்டிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்தார் பிடித்ததாக அடிக்கடி செய்தி பார்க்கிறோமே, அது இந்த வழியைத் தவிர்க்கப் பார்க்கிற கூட்டம். காகிதம் வைத்திருப்பவரையும் இந்தக் கூட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. காகிதம் கேட்டால் முகத்தைத் திருப்புகிறவர் எந்தத் தட்டில் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020-ல் நடந்த கொலையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கணவனே தூங்கும் மனைவி மேல் நல்ல பாம்பை விட்டுக் கடிக்க வைத்துக் கொன்ற வழக்கு அது. அதற்கு முன்பே கேரளத்தில் அணலி என்று சொல்லப்படும் கண்ணாடி விரியனை வைத்து ஒரு முயற்சி நடந்திருந்தது. புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்து, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைக் கடிவாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு விசாரணை போனது. 2021-ல் இரட்டை ஆயுள் தண்டனை. அந்த வழக்கு ஓடிய நாட்களில் எங்கள் ஊர் டீக்கடையில் "பாம்பு வளக்கிறவனை எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்" என்பது பொதுவான தீர்ப்பாக இருந்தது. யோசித்துப் பாருங்கள்: அந்தப் பாம்பு எங்கோ பிடிக்கப்பட்ட காட்டுப் பாம்பு. பாம்பு பிடிக்கிறவர் ஒருவரிடமிருந்து காசு கொடுத்து வாங்கப்பட்டது. அது கொலைக்கருவி. பதிவு செய்த ராயல் பைத்தானுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

காட்டுப் பாம்பு வியாபாரம் என்றால் மண்ணுளியையும் சொல்ல வேண்டும். இருதலை மணியன் என்று பெயர் வைத்து, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், வெளிநாட்டில் லட்சக்கணக்கில் வாங்குவார்கள் என்று புரளி கிளப்பி, அப்பிராணியான அந்தப் பாம்பைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வேட்டையாடித் தீர்க்கிறார்கள். அதற்குத் தலை ஒன்றுதான். வால் மழுங்கி இருப்பதால் எதிரி எந்த முனையைக் கடிப்பது என்று குழம்பட்டும் என்பது அதன் தந்திரம். எதிரியைவிட நம் ஆட்கள்தான் அதிகம் குழம்பியிருக்கிறார்கள்.

பால், மகுடி, பழி

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பாலைச் செரிக்கும் உடல் பாம்புக்கு இல்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்துக் கடைசியில் பாலை நீட்டினால் தாகத்தில் குடிக்கும், குடித்தபின் நோகும். மகுடிச் சத்தத்துக்கு ஆடுவதில்லை, குழலும் முழங்காலும் அசைவதைக் கண்ணால் தொடர்கிறது. வெளிக்காது கிடையாது, உள்காது உண்டு. தரையதிர்வும் தாழ்ந்த ஒலிகளும் கேட்கும். முகம் பார்த்து நினைவில் வைத்துப் பழிவாங்கும் மூளையமைப்பு அதற்கு இல்லை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பார்கள். பாவம், அது விஷமே இல்லாத மரப்பாம்பு, மரத்தில்தான் அதற்கு வீடு. சாரையும் நாகமும் பிணைகிறது என்று ஊரே கூடி வேடிக்கை பார்ப்பது அநேகமாக இரண்டு ஆண் சாரைகளின் சண்டை.

செல்லப் பாம்பைப் பற்றிப் புதிதாக முளைத்த கதை ஒன்று குடும்ப வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. ஒரு பெண் மலைப்பாம்பு வளர்த்தாளாம். அது சில நாட்களாகச் சாப்பிடாமல் ராத்திரி அவள் பக்கத்தில் நீட்டிப் படுத்ததாம். டாக்டரிடம் காட்டினால், "உன்னை விழுங்க அளவெடுக்கிறது" என்றாராம். நல்ல கதை, ஆனால் பாம்பு அளவெடுக்காது. பைத்தான் பதுங்கிக் கிடந்து, பக்கத்தில் வந்ததைச் சட்டென்று பிடிக்கும் பிராணி. இரைக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் படுத்துத் திட்டம் போட்டால் எந்த இரைதான் காத்திருக்கும்? சாப்பிடாமல் இருப்பதும் அதிசயமல்ல. ராயல் பைத்தான் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும், புதிதாக வளர்ப்பவர்கள் பதறுவார்கள். எடை குறையாதவரை அனுபவசாலிகள் கண்டுகொள்வதில்லை.

எலும்பை நொறுக்கிக் கொல்கிறது என்பதும் தவறு. மூச்சை நிறுத்துகிறது என்றுதான் பாடப்புத்தகங்களும் சொல்லிவந்தன. 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் போவாவை வைத்து அளந்து பார்த்தபோது, சுற்றி இறுக்கிய சில நொடிகளில் எலியின் ரத்த ஓட்டமே முறிந்துபோவது தெரிந்தது. மூச்சு முட்டுவதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது.

கூண்டுக்குள் ஒரு வாரம்

என் அக்கா மகன் மெல்பர்னில் இருக்கிறான். சில்ட்ரன்ஸ் பைத்தான் என்ற வகையில் ஒன்று வைத்திருக்கிறான். குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள், சில்ட்ரன் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஓர் ஆங்கிலேய விலங்கியலாளரின் பெயரால் வந்தது. ஆஸ்திரேலியாவில் சட்டம் நமக்கு நேர் தலைகீழ்: வெளிநாட்டுப் பாம்பைத் தனியார் வளர்க்கக் கூடாது, உள்நாட்டு வகையை மாநில அரசின் உரிமம் வாங்கிக்கொண்டு வளர்க்கலாம். பக்கத்து நியூசிலாந்தில் பாம்பே கூடாது. பிரிட்டனில் கார்ன் ஸ்னேக்குக்கு உரிமம் தேவையில்லை, விஷப்பாம்பு என்றால் 1976-ஆம் வருடச் சட்டத்தின்படி உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒரே விலங்கு ஒரு நாட்டில் குற்றம், இன்னொரு நாட்டில் பொழுதுபோக்கு.

முதல்முறை வீடியோ அழைப்பில் அவன் பாம்பைக் காட்டியபோது அக்கா செங்கோட்டையிலிருந்து கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். "ஏலே, கழுத்தைச் சுத்திருச்சுன்னா என்னல செய்வ?"

"ம்மா, அது என் பெருவிரல் தண்டிதான் இருக்கு."

"வளராதால?"

"ஒரு மீட்டர் வளரும். அதுக்கு மேல போவாது."

அக்காவுக்கு அதில் சமாதானமில்லை. ஆனாலும் இரை போடும் நாளில் கூப்பிடச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீட்டுச் சமையல் சாமான் வைக்கும் ஃப்ரீசர் வேறு, இதற்கென்று ஒரு குட்டி ஃப்ரீசர் வேறு. அதில் உறைந்த சுண்டெலிகள் பாக்கெட்டில் இருக்கும். ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு விட்டபின், பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் போட்டு ரத்தச்சூட்டுக்குக் கொண்டுவருவான். உயிரோடு எலி விடுவதில்லை. மூலையில் மாட்டிய எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். நீளமான இடுக்கியால் எலியைப் பிடித்து, கூண்டுக்கதவை ஒரு கையளவு திறந்து காட்டுவான். நாக்கு இரண்டு மூன்று முறை வெளியே வந்துபோகும். அந்த நாக்கு கொட்டாது, காற்றில் உள்ள வாடையை எடுத்து மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பிடம் கொடுக்கும். உதட்டோரத்துக் குழிகள் சூட்டை உணரும். அப்புறம் பார்க்கும்போது எலி ஏற்கனவே இரண்டு சுற்றுக்குள் இருக்கும். பாய்ந்ததை நான் ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும். பிறகு மெதுவாக அவிழ்த்து, மூக்கால் தடவித் தடவி எலியின் தலை எங்கே என்று தேடும். கீழ்த்தாடையின் இரண்டு பாதியும் நம்மைப்போல் ஒட்டியிருக்காது. இடது பக்கம் ஓர் எட்டு, வலது பக்கம் ஓர் எட்டு என்று தாடை எலியின் மேல் நடந்து போகும். வால் மறைந்ததும் பெரிதாக ஒரு கொட்டாவி. இரண்டு நாளைக்கு யாரும் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும்.

அவ்வளவுதான் சாப்பாடு. குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. தினசரி வேலை என்றால் தண்ணீர்க் கிண்ணம், வெப்பமானி, ஈரமானி. கூண்டின் ஒரு பக்கம் முப்பது டிகிரிக்கு மேல் சூடாக, மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாக வைப்பார்கள். பாம்புக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. சூடு வேண்டும்போது இந்தப் பக்கம், போதும் என்றால் அந்தப் பக்கம் என்று நகர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் வேண்டும்.

சட்டை உரிக்கும் காலம் வந்தால் முதலில் கண்கள் பால்போட்ட நீலமாகும். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது கண்ணாடி மாதிரி ஒரு செதில்; அதுவும் சட்டையோடு உரியும். அந்த நாட்களில் பார்வை மங்கியிருப்பதால் எரிச்சலில் இருக்கும், தொடாமல் விடுவது நல்லது. பிறகு கண் தெளிந்து, மூக்கைக் கல்லில் தேய்த்து, காலுறையைக் கழற்றுவதுபோல உள்வெளியாகத் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். உரித்த சட்டையை அவன் உடனே குப்பையில் போட மாட்டான். வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண்செதிலும் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பான். ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றால் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு நோட்டில் தேதி, எலியின் எடை, பாம்பின் எடை, சட்டை உரித்த நாள் எல்லாம் இருக்கும். அக்கா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "நீ பொறந்தப்பகூட நான் இப்படி எழுதி வைக்கல" என்றாள்.

அந்த ஆளுக்குக் கோளாறா?

என் கணிப்பில், பாம்பு வளர்க்கிறவர்கள் சராசரியாகக் கொஞ்சம் சலிப்பூட்டும் மனிதர்கள். வெப்பமானியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். நாய்க்கும் பூனைக்கும் ரோமம் உதிர்வது ஒத்துக்கொள்ளாதவர்கள், ஷிஃப்ட் வேலையால் தினமும் நடைக்கு அழைத்துப் போக முடியாதவர்கள், சத்தம் பிடிக்காதவர்கள், சின்ன வயதிலிருந்தே ஊர்வனவற்றின்மேல் ஆர்வம் உள்ளவர்கள் என்று காரணங்கள் எல்லாம் சாதாரணமானவை. மாந்திரீகம், வசியம், புதையல் காவல் எல்லாம் நம் சினிமா போட்ட பூச்சு.

வீம்புக்காரர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் படம் எடுப்பவர், தெரியாதவர் மடியில் தூக்கிப் போட்டுச் சிரிப்பவர், படமெடுத்து நிற்கும் நல்ல பாம்பின் தலையில் முத்தம் கொடுத்து வீடியோ போடுபவர். இந்தக் கடைசி வகை வளர்ப்பவரே அல்ல, உயிரோடு சூதாடுகிறவர். ஒருவரின் பயத்தை வேடிக்கையாக்குகிறவர் பாம்புக்கும் நல்லது செய்வதில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும்தான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். இப்படிப்பட்ட நாட்டில் பாம்பைக் கண்டு நடுங்குவது மூடத்தனம் ஆகாது. ரப்பர் தோட்டத்தில் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரிடம் போய் "பாம்பு அழகான ஜீவன்" என்று பாடம் எடுப்பது அதைவிடப் பெரிய அசட்டுத்தனம்.

உண்மையான ஆபத்துகள்

வளர்ப்பவர்கள் தரப்பு எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. முதல் விஷயம் சால்மோனெல்லா. ஊர்வனவற்றின் குடலில் இந்தக் கிருமி இயல்பாக இருக்கும், பாம்பு நோயாளி மாதிரித் தெரியாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. என்னைக் கேட்டால், கடியைவிட இதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது, ஆனால் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

இரண்டாவது, அளவு. நான்கடி ராயல் பைத்தானுக்குச் சொன்னதை எல்லாப் பாம்புக்கும் சொல்ல முடியாது. 2013-ல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், பிராணிக் கடைக்கு மேலிருந்த வீட்டில், அங்கேயே கூண்டில் வைத்திருந்த ஆப்பிரிக்க ராக் பைத்தான் ஒன்று தப்பித்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. பதினைந்தடி வளரும் வகைகளை ஒற்றை ஆளாகக் கையாளக் கூடாது என்பது அனுபவசாலிகளின் விதி. வீட்டில் வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது, சலிப்பு. குட்டி வாங்குகிற பையனுக்கு வயது பதினெட்டு. ராயல் பைத்தான் இருபது, முப்பது வருடம் சர்வசாதாரணமாக இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயி மிருகக்காட்சிசாலைக்கு 1961-ல் வந்த ஒன்று, 2020-ல் அறுபது வயதைத் தாண்டிய நிலையில், பல வருடங்களாக ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டது. கல்யாணம், மாற்றல், வெளிநாடு என்று வாழ்க்கை நகரும்போது பாம்பு யார் வீட்டுக்குப் போகும்? பதில் இல்லாதவர்கள் ஃபுளோரிடாவில் என்ன செய்தார்கள் என்றால், வளர்ந்து பெருத்த பர்மியப் பைத்தான்களை எவர்கிளேட்ஸ் சதுப்பில் விட்டார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஒரு வளர்ப்புப் பண்ணை இடிந்து அங்கிருந்தும் தப்பின. அவை அங்கேயே பெருகின. 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, அந்தப் பகுதியில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அதே வருடம் அமெரிக்க அரசு பர்மியப் பைத்தான் உட்பட நான்கு வகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2017-ல் அந்தப் பாம்புகளைப் பிடிக்க ஃபுளோரிடா அழைத்தது நம் இருளர்களை: மாசி சடையனும் வடிவேல் கோபாலும். நாய்களும் கருவிகளும் வைத்துத் தேடியும் அகப்படாதவற்றைப் புல்லில் கிடந்த தடத்தையும் எச்சத்தையும் பார்த்துத் தேடிப் பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நெம்மேலி பக்கம் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷம்தான் நம் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். அந்த மருந்து நான் மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கானது. வெளிநாட்டு விஷப்பாம்பு ஒன்றை யாராவது இங்கே ரகசியமாக வைத்திருந்து, அது கடித்தால், ஆஸ்பத்திரியில் கொடுக்க மருந்தே இருக்காது.

நான்காவது, வளர்ப்பவர்களே சங்கடப்படும் விஷயம். நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் கலப்பு செய்து விதவிதமான ராயல் பைத்தான்களை உருவாக்கிவிட்டார்கள். ஸ்பைடர் என்ற நிறவகைக்கு உள்காதுக் கோளாறு கூடவே வருகிறது: தலை ஆடும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்கத் திணறும். தெரிந்தே அதை இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்பறைக்குள் பெட்டி பெட்டியாக அடுக்கி, உடம்பை முழுநீளத்துக்கு நீட்டக்கூட இடமில்லாமல் வைப்பவர்களும் உண்டு. பாம்புக்கு அது போதும் என்பார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை.

கேட்க வேண்டியவை

சரி, உங்கள் வாடகை வீட்டுக்கு மேல்மாடியில் ஒருவர் பாம்போடு குடிவந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லையும் பாலையும் விட்டுவிடுங்கள். என்ன வகை, எவ்வளவு பெரிதாகும் என்று கேளுங்கள். பதிவுச் சான்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒழுங்கானவர் சந்தோஷமாகக் காட்டுவார். கூண்டுக்குப் பூட்டு இருக்கிறதா? இது முக்கியம். தலை நுழைகிற சந்து கிடைத்தால் பாம்பு முழுவதும் நுழைந்துவிடும், மூடியின்மேல் புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன் என்கிற பதில் செல்லாது. மின்சாரம் போனால் சூட்டுக்கு என்ன வழி, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், பாம்பைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்க வேண்டும். நம் சிற்றூர்களில் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைப்பது கஷ்டம். அந்த ஒரு காரணத்துக்காகவே தென்காசிப் பக்கம் யாராவது வளர்க்கட்டுமா என்று கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உங்களுக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நல்ல வளர்ப்பவர் பாம்பைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார். கையில் வாங்கிப் பார்க்க ஆசை என்றால், முதலில் கை கழுவுங்கள். கோழிக்கறி, எலி வாடை எதுவும் இருக்கக் கூடாது, பெரும்பாலான கடிகள் கையை இரை என்று நினைத்து நடப்பவை. தலைக்கு நேராகக் கை நீட்டாமல், நடு உடம்பை இரண்டு கையாலும் தாங்குங்கள். தோல் வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். உலர்ந்து, கொஞ்சம் குளிர்ந்து இருக்கும். உள்ளங்கையில் தசை நகர்வது தெரியும்.

தெருவில் பழக்கமில்லாத நிறத்தில் ஒரு பாம்பைக் கண்டால் அடிக்கவும் வேண்டாம், செல்லப் பாம்பாக இருக்கும் என்று தூக்கவும் வேண்டாம். நம் கட்டுவிரியன் குட்டியையும் ஏதோ அலங்காரப் பாம்பு என்று நினைக்க வாய்ப்புண்டு. தள்ளி நின்று கண்ணால் தொடர்ந்துகொண்டே, தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள். ஆரியங்காவு தாண்டிவிட்டால் கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கியவர்களின் எண்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வகை என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிடித்தவர் நல்லெண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவார்.